முடிவு எழுதாத மெட்டு

1991. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் ஒரு தொழிற்சாலையில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். திருமணம் ஆகாதவன். மூன்று ஆண்டுகளில் என் வாடகை வீட்டுக் கதவைத் தட்டிய எல்லாரும் கையெழுத்துக்காக வந்தவர்கள். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல் என்பது தொழிற்சாலையில் எனக்குத்தான் தெரியும். "சாப்பிட்டீர்களா" என்று கேட்பதற்கு மட்டும் நடைமுறை எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை.

மாலைகளைக் கழிக்க பர்மா பஜாரில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி டி.வி.யில் மாட்டினேன். விளையாட்டில் இரண்டாம் கட்டத்தை நான் தாண்டவே இல்லை. ஆனால் பின்னால் ஓடிய மெட்டு பிடித்துக்கொண்டது. கல்லூரி நாட்களில் மேற்கத்திய இசை இலக்கணம் படித்துத் தேர்வெல்லாம் எழுதியவன் நான். அந்தக் கீச்சுக் குரல் மெட்டை, ஐரோப்பிய சாஸ்திரிய முறைப்படி நான்கு குரல்களாகப் பிரித்து, டிரம்பெட், டிராம்போன்களுக்கு எழுதினேன். அந்த முறையில் ஏகப்பட்ட விதிகள் உண்டு. எங்கள் தொழிற்சாலை விதிகளைப் போலன்றி அவற்றுக்குக் காரணமும் உண்டு.

எங்கள் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவின் ஆட்கள் நால்வர் ஊர் மாதா கோயில் பேண்டில் வாசிப்பவர்கள். நோட்டு பார்க்கத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து வாசித்துப் பழகினார்கள். டீ கொடுக்க நான்கு டம்ளர் புதிதாக வாங்கினேன்.

"பேப்பரில் இல்லாத ஒரு சுரம்கூட வரக் கூடாது. கண்ணைப் பேப்பரிலிருந்து எடுக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"மூச்சு வுடறதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா சார்?" என்றார் நால்வரில் பேண்டு லீடராக இருந்தவர்.

ஆண்டு விழாவில் வாசிக்க மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். நன்றாக அமைந்தால் நிரந்தரமாகவே ஒரு பேண்டு வைக்கலாம் என்றார். அப்படி நடந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் நிற்காது. என் கவலை அவ்வளவுதான்.

விழாவன்று சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்ற, பேண்டு தொடங்கியது. வாசிப்பு கம்பீரமாக இருந்தது. ஏதோ ஒரு நாட்டின் தேசிய கீதம் என்று நினைத்தாரோ என்னவோ, விருந்தினர் விறைப்பாக நின்றார். அவர் நிற்க, சபையே எழுந்து நின்றது.

மெட்டு முடிந்தது. மறுபடி தொடங்கியது. மூன்றாம் முறை தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. விளையாட்டில் அந்த மெட்டு சுற்றிச் சுற்றி வரும், முடிவே கிடையாது. கடைசிக் கோட்டில் நான் போட்டிருந்தது, முதலிலிருந்து திரும்ப வாசிக்கச் சொல்லும் குறி. ஒத்திகையில் மேசையைத் தட்டி நானே நிறுத்திவிடுவேன். இப்போதோ மேடையில் விருந்தினர் அருகே மெழுகுவர்த்தித் தட்டோடு நிற்கிறேன். கண்ணால் சைகை காட்டினேன். நால்வரும் பேப்பரை விட்டுக் கண் எடுக்கவில்லை.

ஏழாவது சுற்றில் டிராம்போன்காரருக்கு உதடு மரத்துப்போனது. ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். மேலாளர் என்னைப் பார்த்த பார்வைக்கு நகல் தேவைப்படவில்லை.

"நிறுத்துன்னு பேப்பர்ல எங்க சார் கீது?" என்றார் லீடர், உதட்டைத் தடவிக்கொண்டே.

நிரந்தர பேண்டுப் பேச்சு அன்றோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு நான் பால்கூட வாங்கவில்லை. பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நால்வரும் வாத்தியங்களோடு நின்றிருந்தார்கள்.

"இன்னா சார், முடிவு எழுதிட்டியா?"

"இல்லையே."

"மெதுவா எழுது. இப்ப இன்னா அவசரம்? முதல்ல டீ போடு சார்."

அதன்பின் நான் மாற்றலாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். பணிக்காலம் முழுக்க எத்தனையோ கோப்புகளை முறைப்படி முடித்து வைத்தவன் நான். முடிக்காமல் விட்ட அந்த ஒரே ஒரு தாளைத்தான், ஓய்வு பெற்ற பிறகும் யாரும் கதவைத் தட்டாத ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.