கிரீட் தீவில் நான் போடாத தொப்பி

தொண்ணூறுகளில் ஒரு ஜூலை மாதம். லண்டன் எட்மண்டனில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த நண்பன் குகனும் நானும் மலிவு டிக்கெட்டில் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போனோம். முதுகில் ஆளுக்கொரு பை, தங்குவதற்கு மலிவு விடுதி, சாப்பாட்டுக்குப் பாணும் தக்காளியும். சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

மூன்றாம் நாள் மலைக்கு அப்பால் இருந்த கடற்கரைக்கு நடந்து புறப்பட்டோம். விடுதி வாசலில் ஒரு வெள்ளைக்கார ஜோடி உடம்பெல்லாம் வெயிலுக்கான கிரீம் பூசிக்கொண்டிருந்தது.

"பாணுக்குப் பட்டர் பூசுறமாதிரி" என்று சிரித்தேன்.

"நீ முதல்லை தொப்பியைப் போடு மச்சான்" என்றான் குகன்.

"யாழ்ப்பாணத்து வெயில்லை வளர்ந்தனாங்களடா. இதெல்லாம் ஒரு வெயிலோ?"

லண்டனில் பத்து வருடம் குளிரூட்டிய கிடங்கில் வேலை செய்ததை மறந்துவிட்டேன். நடுப்பகலில், மரமே இல்லாத மலைப்பாதையில் தலை சுற்றியது. வாந்தி எடுத்து அப்படியே விழுந்தேன். போத்தலில் ஒரு மிடறு தண்ணீர்கூட மிச்சமில்லை. குகன் பயத்தில் அழத் தொடங்கிவிட்டான்.

நல்லவேளை, பின்னால் அதே ஜோடி வந்தது. தங்கள் தண்ணீரைக் குடிக்கத் தந்து, குகன் பையில் வைத்திருந்த, இடுப்பில் கட்டும் சாரத்தை நனைத்து என் தலையில் சுற்றி, வெயில் தணியும்வரை ஒரு பாறை நிழலில் கூடவே இருந்தார்கள். புறப்படும்போது என் கழுத்தில் கிரீமும் பூசிவிட்டார்கள்.

"இப்ப ஆர் பாண்?" என்றான் குகன்.

இப்போது வெயிலென்றால் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் நான் வாசல் தாண்டுவதில்லை. போன வருடம் வெஸ்ட் ஈலிங் கோயில் தேர்த் திருவிழாவில் ஒரு இளைஞர் கேட்டார்: "என்ன அண்ணை, யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வெயிலுக்கும் தொப்பியோ?"

"ஓம் தம்பி. ஆள்தான் யாழ்ப்பாணம், தோல் லண்டன்" என்றேன்.