சாக மறுத்த கொள்ளைத் தலைவன்

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து பி.ஏ. பட்டம் வாங்கிய முதல் ஆள் மரியநாயகம். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் உண்டு. கண்டியில் வாத்தியார் வேலை கிடைத்து அங்கேயே மஹய்யாவையில் குடியேறியதும் குடை, டிரங்குப் பெட்டி, சாப்பாட்டுத் தட்டின் அடிப்புறம் எல்லாவற்றிலும் பெயரோடு பட்டத்தையும் எழுதிவைத்தார்.

"தொலைஞ்சா எந்த மரியநாயகத்தோடதுன்னு தெரிய வேணாமா?" என்பார். மஹய்யாவையில் வேறு மரியநாயகம் கிடையாது.

1933ஆம் வருஷத் தொடக்கத்தில் கோயில் திருநாளுக்கு நாடகம் போடும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதே மாதந்தான் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் சந்தியாகு உபதேசியாரின் மகள் பியட்றிஸை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். திருநாள் முடிந்ததும் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது, கல்யாணம் கூடாத தபசுகாலம் தொடங்குமுன் தாலி கட்டுவது என்று ஏற்பாடு. உபதேசியார் அப்போதே "மாப்பிள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பட்டத்துக்கு அடுத்தபடி மரியநாயகத்துக்குப் பிடித்த சொல் அதுதான்.

வழக்கமாகத் திருநாளுக்குப் புனிதர் கதைதான் போடுவார்கள். மரியநாயகம் கடற்கொள்ளையர் நாடகம் எழுதினார். அந்த வட்டாரத்தில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர். கொழும்பில் படித்தபோது பார்த்தவர் அவர். ஆகையால் கேள்வி கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தேயிலைப் பெட்டிகளை அடுக்கிக் கப்பல் கட்டினார்கள். கப்பலின் வயிற்றில் ஒரு தோட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்தது.

கொள்ளையர்கள் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொழிலுக்குப் போவார்கள் என்று ஏதோ ஆங்கிலப் புத்தகத்தில் அவர் வாசித்திருந்தார். ஆகவே அவருடைய கொள்ளையர்கள் கப்பல் ஏறச் சத்தியம், கொள்ளையடிக்கச் சத்தியம், பங்கு பிரிக்கச் சத்தியம் என்று காட்சிக்குக் காட்சி வேதத்தைத் தொட்டார்கள்.

"நம்ம சபையில எவனும் இவ்வளவு தடவை தொட்டதில்ல" என்றார் பங்குச் சாமியார்.

தலைவனின் சத்தியந்தான் நாடகத்தின் சிகரம்: "சாகும்வரை எந்தப் பெண்ணின் கழுத்திலும் தாலி கட்டேன்! கடலே என் மனைவி!" தலைவன் வேஷம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

அந்தக் காட்சிக்குக் கோயிலின் பெரிய வேதப்புத்தகத்தைக் கேட்டு உபதேசியாரிடம் போனார்.

"ஒரு செங்கல்லக் கறுப்புத் துணியில சுத்தி வச்சுக்கங்களேன், மாப்பிள்ளை."

"பி.ஏ. படிச்சவன் போடுற நாடகத்துல செங்கல்லா? தத்ரூபமா இருக்கணும் மாமா."

"இது தோல் போட்ட வேதம். இதுல கைவச்சுச் சொன்னா சொன்னதுதான்."

"சொன்னதுதான்!" என்று மரியநாயகமும் கம்பீரமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் உதவித் தலைவன் கத்தியால் குத்த, தலைவன் செத்து விழவேண்டும். உதவித் தலைவன், பிலிமத்தலாவைக் கடையில் அரிசி நிறுக்கும் பற்றிக். ஒத்திகையின்போது அவன், "மாஸ்டர், எந்தப் பக்கம் குத்தட்டும்? படிச்ச பக்கமா, படிக்காத பக்கமா?" என்று கேட்டது மரியநாயகத்தின் நெஞ்சில் தைத்துவிட்டது. இவன் கையால் ஒரு பட்டதாரி சாவதா? திருநாளன்று பற்றிக் கத்தியோடு பாய்ந்தபோது, தலைவன் அவனை ஒரு கையால் தடுத்து நிறுத்திவிட்டுக் கல்வியின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஓங்கிய கை வலித்து, பற்றிக் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். சனம் ஒரு "ஒன்ஸ்மோர்" கேட்கும் என்று மரியநாயகம் பிரசங்கத்தை நீட்டினார். சனம் பாயைச் சுருட்டியது.

மறுநாள் உபதேசியார் வீட்டுக்குப் போனார்.

"வாங்க மாஸ்டர்" என்றார் உபதேசியார்.

"மாப்பிள்ளை" எங்கே போனது என்று மரியநாயகம் தேடினார்.

"ஓலை வாசிக்கக் குடுக்கப்போறதில்ல. வேதத்துல கைவச்சு, ஊர் பாக்க, கல்யாணமே வேணாமுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"அது நாடகம் மாமா!"

"நாடகம் பொய். புத்தகம் நெசம். நீங்கதானே தத்ரூபமா கேட்டீங்க?"

மரியநாயகம் சாமியாரிடம் ஓடினார். சாமியார் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, மேடைச் சத்தியம் ஒருவரையும் கட்டாது என்று சொல்லியனுப்பினார். உபதேசியார் அசையவில்லை. "சாமி சொல்லலாம். பொண்ணக் குடுக்கிறது நான்" என்றார்.

மரியநாயகம் தர்க்க சாஸ்திரத்தில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டார். லத்தீனில்கூட ஒரு வாக்கியம் சொன்னார். உபதேசியார் பூசைக்கு மறுமொழி சொல்வதுபோல் "ஆமென்" என்றார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பியட்றிஸின் குரல் வந்தது. "சாகும்வரைன்னுதானே சொன்னாரு? அப்ப சாகட்டும்."

மரியநாயகம் கதவைத் திரும்பிப் பார்த்தார். பெண்ணுக்கும் தன்மேல் இவ்வளவு வெறுப்பா?

"கதைப்படி கடைசியில சாகணும்தானே, அப்பா? பற்றிக் அண்ணன் குத்த வந்தப்ப இவருதான் சாகாம, படிங்க படிங்கன்னு எங்க உசிர வாங்கினாரு. அதே மேடையில, அதே சனத்துக்கு முன்னால செத்துட்டா சத்தியம் முடிஞ்சு போகும். அதுக்கப்புறம் ஓலை வாசிக்கலாம்."

உபதேசியார் தாடியைத் தடவினார். "சாவு சுத்தமா இருக்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மறுபடி மேடை கட்டினார்கள். சங்கதி பரவிவிட்டதால் திருநாளுக்கு வராதவர்களும் வந்து குவிந்தார்கள். முன்வரிசைக் கதிரையில் உபதேசியார். பற்றிக் ஒரு கிழமையாகக் காத்திருந்தவன். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை; மரக்கத்தியால் விலாவில் ஓங்கிக் குத்தினான். நிஜமாகவே வலித்தது. மரியநாயகம் "ஐயோ அம்மா!" என்று, எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லாமல், லயத்துப் பையனாகவே அலறித் தேயிலைப் பெட்டிகளோடு சரிந்தார். கப்பலும் அவர்மேல் விழுந்தது.

கோயில் வளவே அதிர்ந்தது.

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

வாழ்நாளெல்லாம் கேட்க ஏங்கிய சொல்! எழுந்து, கைகூப்பி, இன்னொரு தடவை இதைவிட அழகாகச் செத்துக்காட்ட அவருடைய ஒவ்வொரு எலும்பும் துடித்தது. ஆனால் எழுந்தால் தலைவன் உயிர்த்தெழுந்ததாகிவிடும். சத்தியமும் கூடவே எழுந்துவிடும். ஒட்டுமீசை கழன்று மூக்குக்குள் புகுந்தது. தும்மலை விழுங்கிக்கொண்டு கிடந்தார். கத்துகிற குரல்களில் ஒன்று பியட்றிஸுடையது என்பது தெளிவாகக் கேட்டது. அதுதான் தாங்கவில்லை. இமை லேசாகத் துடித்தது.

மேடைப் பலகை கிறீச்சிட்டது. உபதேசியார் ஏறி வந்து, ஒரு பெட்டியை விலக்கி, மூக்கருகே விரல்வைத்துப் பார்த்தார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, "செத்துட்டாரு!" என்று அறிவித்துச் சிலுவை அடையாளம் போட்டார். போடும்போதே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"அசையாதீங்க, மாப்பிள்ளை."