முடி கொட்டாத நாய்

மாசிலாமணி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சவரத் தொழிலில் இருக்கிற மனுஷரை வாயை மூடு என்று யார் சொல்வது? கை ஓடும்போது பேச்சும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பவர் கத்தியையே நினைத்துக்கொண்டு கழுத்தை விறைப்பாக்கிக்கொள்வார்.

ஐம்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். திண்டிவனம் கடைத்தெருவில் அவருடைய சலூன் நாற்காலியில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்த சக்கரபாணி. சலூன் இருந்த கட்டடமே அவருடையதுதான்.

"பசங்க நாய் வேணும்னு ஒரே பேஜாரு, மாசிலாமணி. பெரியவளுக்கு மூச்சு இழுப்பு இருக்குது. முடி கொட்டற பிராணி எதையும் ஊட்டுல சேக்காதன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ரெண்டு நாளா சோறு தின்னாம அழுதுகினு கெடக்குது. நான் இன்னா பண்றது?"

"முடி கொட்டாத நாய் இருக்குதுங்க," என்றார் மாசிலாமணி. "பாண்டிச்சேரில வெள்ளக்காரங்க வச்சிருப்பாங்க. பூடில்னு பேரு. ஆட்டுக்குட்டியாட்டம் சுருட்டை முடி. ஒரு முடி கீழ உழாது. கொழந்தைங்கன்னா உசுரு."

ஐந்து வருஷம் பாண்டிச்சேரி சலூனில் வேலை பார்த்தவர் ஆயிற்றே, அந்தப் பெருமை விடுமா? சொல்லிவிட்டார்.

அவர் பாண்டிச்சேரிக்குப் போனதே ஒலக்கூரிலிருந்து ஓடித்தான். அப்பா வீடு வீடாகப் போய் முடி வெட்டியவர். வாசலில் கூப்பிட மாட்டார்கள், கொல்லைப்புறமாக வர வேண்டும். மாட்டுக் கொட்டகைப் பக்கம் பெட்டியை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் தூங்கி எழுந்து வரும்வரை நிற்க வேண்டும். அறுவடைக்கு அறுவடை கொஞ்சம் கேப்பை, கொஞ்சம் மல்லாட்டை. ஒரு நாள் ஆறு வயசுப் பொடியன் ஒருத்தன் அப்பாவை "டேய், தண்ணி சுட வச்சிருக்குதான்னு பாருடா" என்றான். அப்பாவும் போய்ப் பார்த்தார். பதினேழு வயசு மாசிலாமணி அன்றைக்கே கிளம்பிவிட்டார். இனி எவன் கொல்லையிலும் போய் நிற்பதில்லை. முடி வெட்ட வேண்டுமென்றால் என் கடைப் படியேறி, என் நாற்காலியில் வந்து உட்காரட்டும். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது இவ்வளவுதான். அதற்காகத்தான் சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, பெயர்ப்பலகை எல்லாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சக்கரபாணியின் காரில், அவர் பெண் கிருஷ்ணவேணியும் சின்னப் பையனும் பின்னால் உட்கார, மாசிலாமணி முன்னால் உட்கார்ந்து வழி காட்டினார். பாண்டிச்சேரியில் தரகன் முதலில் ஓர் அல்சேஷன் குட்டியைக் காட்டினான். அது ஒரு குரல் கொடுத்ததும் பையன் காருக்குள் போய் ஒளிந்துகொண்டான். அடுத்து ஒரு பொமரேனியன். எட்டு வயசுக் கிருஷ்ணவேணி அதைத் தூக்கியதுதான் தாமதம், பாவாடையெல்லாம் முடி, அடுக்கடுக்காகத் தும்மல். கடைசியில் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. சாமான்களைக் கட்டி வைத்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்த வெள்ளைக்கார அம்மாள். அவள் காலடியில் வெள்ளை வெளேரென்று ஒரு பூடில்.

அது குரைக்கவில்லை. நேரே வந்து கிருஷ்ணவேணியின் காலை மோந்து பார்த்தது. பிறகு பையனின் வயிற்றில் தலையை வைத்து அழுத்தியது. பையன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். கிருஷ்ணவேணி அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் பெரியவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தும்மல் இல்லை, இழுப்பு இல்லை. சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வீட்டுச் சமையல்காரர் வேங்கடேசன்தான் அம்மாளின் பேச்சைத் தமிழில் சொன்னார். "முடி கொட்டாதுங்க. ஆனா வளந்துகினே இருக்குமாம். மாசத்துக்கு ஒருவாட்டி வெட்டியாவணும். உட்டுட்டா சிக்கு புடிச்சி, உள்ள தோலு புண்ணாயிடும்னு சொல்றாங்க."

கொட்டாத முடி வளரத்தானே செய்யும்! உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் மாசிலாமணிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சக்கரபாணி சிரித்தார். "அதுக்கு இன்னா? அதான் இவன் இருக்கான்ல."

திரும்பி வரும்போது பின் சீட்டில் குழந்தைகள் நாய்க்குப் பஞ்சு என்று பெயர் வைத்துக் கும்மாளம் போட்டார்கள். மாசிலாமணி திண்டிவனம் வரும்வரை, மாசத்துக்கு ஒருவாட்டி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

ஒரு மாதம் கழித்து சக்கரபாணி வீட்டிலிருந்து ஆள் வந்தது: விடியக்காலையில் வரவும், கொல்லைக் கதவு திறந்திருக்கும். ஒரு தடவைதானே என்று போனார். கிணற்றடிக் கல்லில் பஞ்சுவை நிறுத்தி, தனியாக ஒரு கத்தரிக்கோலும் மெஷினும் வைத்துக்கொண்டு வெட்டினார். குறை சொல்லக்கூடாது, அழகாகத்தான் வெட்டினார். பாழாய்ப்போன கைக்கு மட்டமாக வேலை செய்யத் தெரியாது. அந்த நாயும் அவர் கையில் மூக்கை வைத்துக்கொண்டு, ஆடாமல் அசங்காமல் நின்றது. கிருஷ்ணவேணி கைதட்டிக் குதித்தாள். "மாசிலாமணி, அடுத்த மாசமும் நீதான் வரணும்!"

எட்டு வயசுப் பெண், நீ வா போ என்றுதான் கூப்பிடும். அந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம். அடுத்த மாதமும் போனார். அதற்கடுத்த மாதமும்.

குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் இருக்குமா? ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்காரும் முன்னே, "இது நாய்க்குப் போட்ட மெஷினா, மனுசனுக்குப் போட்டதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் இரண்டு பெட்டிகளையும் திறந்து காட்டினார், மயிலம் முருகன் மேல் சத்தியம் செய்தார். யார் கேட்டது? ஒருத்தன் வாசலில் நின்று நாய் மாதிரி குரைத்துவிட்டுப் போனான். கூட்டமெல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த இன்னொரு சலூனுக்குத் திரும்பியது.

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதான?" என்றாள் அவர் மனைவி காசியம்மாள்.

"கட்டடம் யாருது?"

"அப்ப வெட்டிக்கினே இரு."

"வெட்டினா கடைக்கி எவன் வரான்?"

நாய்க்கு வெட்டப் போனாலும் கடை போகும், போகாவிட்டாலும் கடை போகும்.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும், கையில் வாயு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்கு ஓடினார். ரயில்வே ஜங்ஷன் பக்கம் மச்சானுக்குச் சின்னக் கடை இருந்தது. அங்கே நின்று வேலை செய்துகொண்டே வேறு இடம் தேடினார். மூன்றாம் நாள் ஒரு போர்ட்டர் சவரத்துக்கு உட்கார்ந்தான். கண்ணாடியில் அவரையே உற்றுப் பார்த்தான். "நீங்க திண்டிவனத்துக்காரருதான? மண்டிக்காரரு ஊட்டு நாய்க்கு..." என்று இழுத்தான். அவன் காது மடலில் கத்தி பட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் மேலும் அவர் கத்தி பட்டதில்லை. அவமானமாக இருந்தது. இரண்டு மாதம் அலைந்தும் இடம் அமையவில்லை. மார்கழியில் திண்டிவனத்துக்கே திரும்பி வந்து கடையைத் திறந்தார். மண்டியிலிருந்து கூப்பிட வந்த ஆளிடம், கை இன்னும் சரியாகவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

ஊரில் கொஞ்சம் மறந்திருந்தார்கள் போல. திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் தாலுகா கச்சேரி குமாஸ்தா சவுரிராயன், பெஞ்சில் நான்கு பேர். மாசிலாமணிக்கு உயிர் வந்தது. சவுரிராயனுக்கு ஒரு பக்கம் வெட்டி முடித்து மறுபக்கம் சீப்பை வைத்தபோது வாசலில் நாற்றம் அடித்தது. திரும்பிப் பார்த்தார். கிருஷ்ணவேணி நின்றிருந்தாள், தன்னந்தனியாக. இடுப்பில் சாக்கு மாதிரி எதையோ தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தாள்.

பஞ்சு! முடி கம்பளியாக இறுகிப் போயிருந்தது. கண் எங்கே, காது எங்கே என்று தெரியவில்லை. ஒரு பக்கம் ஈரமாக, அதில் ஈ மொய்த்தது.

"இது நடக்க மாட்டேங்குது, மாசிலாமணி. தொட்டா கத்துது."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாசிலாமணி தாழ்ந்த குரலில், "ஊட்டுக்குப் போ பாப்பா. கருக்கல்ல கொல்லைப் பக்கம் வர்றேன்," என்றார்.

"நீ வர மாட்ட. ரெண்டு மாசமா வர்ல. இது செத்துப்போயிடும், வேற வாங்கிக்கலாம்னு அப்பா சொல்றாரு." அவளுக்கு உதடு துடித்தது. "நீதான இது நல்ல நாயின்னு சொன்ன? நீ சொல்லித்தான வாங்கினோம்?"

தன் ரோஷத்துக்கு வாயில்லாத பிராணியைப் புழுக்க விட்டுவிட்டார். நாயை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டது அவர். வெட்டத் தெரிந்த ஒரே ஆளும் அவர். ஒளிந்துகொண்டதும் அவரேதான்.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க," என்றார் சவுரிராயனிடம்.

"பாதியிலயா?"

"ஆமாங்க."

பஞ்சுவை வாங்கி நாற்காலியில் வைத்தார். சவுரிராயன் மேல்துணியைக் கழற்றித் தரையில் வீசினார். "சீ! தூ! இனிமே இந்தக் கடைப் படிய மிதிச்சா என்னன்னு கேளு!" பாதித் தலையோடு இறங்கிப் போனார். மற்ற நான்கு பேரும் செருப்பைத் தேடினார்கள். மாசிலாமணி திரும்பிப் பார்க்கவில்லை. கத்தரிக்கோல் முனையைத் தோலுக்கும் முடிக்கும் நடுவே மெல்ல மெல்ல நுழைத்தார். காதுக்கடியில் புண். வெந்நீரில் கழுவினார், புழுவை எடுத்தார். பஞ்சு ஒரு தடவை அலறியது, அப்புறம் அவர் மணிக்கட்டில் மூக்கை வைத்துக்கொண்டது. மத்தியானம் தாண்டிவிட்டது. இறுகிய முடி முழுசாகப் பாய் மாதிரி கழன்று விழுந்தபோது, ரோஜா நிறத் தோலோடு எலும்பும் தோலுமாய் ஒரு ஜீவன் எழுந்து நின்று உடம்பை உதறியது. கிருஷ்ணவேணி சத்தம் போட்டு அழுதாள். மாசிலாமணிக்கும் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

மறுநாள் காலையில் மண்டிக் கணக்குப்பிள்ளை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"நாயி ராத்திரி நல்லாத் தூங்கிச்சாம். ஐயாவுக்கு சந்தோஷம். ஆனா சவரத்துக்கு ஊட்டுக்கு வரச் சொன்னாரு. நாய் உக்காந்த எடத்துல அவரு எப்படி உக்காருவாரு? கொல்லைப் பக்கமா வந்துடு. இனிமே எப்பவும் அப்படித்தான்னாரு."

கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. கட்டடத்துக்காரர் சாவியைக் கொடு என்றால் சாயங்காலமே கொடுக்க வேண்டியதுதான். மாசிலாமணி இதெல்லாம் நன்றாகத் தெரிந்துதான் பேசினார்.

"நாயே படியேறி வந்து உக்காந்து வெட்டிக்கினு போச்சு. ஐயாவுக்கு என்ன கொறச்சல்? வரச் சொல்லுங்க."

கணக்குப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மாசிலாமணி கத்தியை எடுத்துத் தோல் வாரில் தீட்டத் தொடங்கினார்.