முன் சீட்டில் இருந்தவள்

கார் திரையில் வேகத்தைக் காட்டும் முள் எப்படி அசைய வேண்டும் என்று வடிவமைப்பது என் வேலை. நேற்று அக்காவிடம் புதிய முள்ளைக் காட்டினேன். அது லேசாக நடுங்கியபடி ஏறியதும், அப்பாவின் டாக்சி பெட்ரோல் வாடையோடு நினைவில் வந்து நின்றது.

எழுபதுகளில் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது, வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத்தான் முன் சீட்டு. அக்கா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஜம்மென்று உட்காருவாள். பின்னாலிருந்த எனக்கு அவள் சடைதான் தெரியும். மீட்டர் முள் எப்படி ஏறும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

“அப்பா, எனக்கும் குமட்டுது.”

“ஏலே, நீ கல்லைத் தின்னாலும் செரிக்கிறவன். சும்மா வா.”

“அப்பா டாக்சி முள்ளும் இப்படித்தானே நடுங்கும்?” என்று நேற்று அக்காவிடம் கேட்டேன்.

“யாரு கண்டா? மலை ஏறி முடியிற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுல்ல வருவேன்.”

அன்றைக்கு எரிந்ததைவிட நேற்றுத்தான் எனக்கு வயிறு அதிகமாக எரிந்தது.