ஸ்கேனில் தெரியாத அசதி

இதை வாசிக்கும் எல்லோருக்கும் என் ஸலாம். என் பெயர் ஷமீம். தியாகதுருகத்தில் எங்களுக்கு ஒரு வளையல் கடை இருக்கிறது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அல்லாஹ் எனக்குச் செய்ததை நானே வைத்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் தலையில் இருந்த கட்டி போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரிய கஷ்டமே ஆரம்பித்தது என்றால் நம்புவீர்களா? என் வீட்டில்கூட யாரும் நம்பவில்லை.

ஒரு நாள் கடையில் ஒரு பெண்ணுக்கு வளையல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். கை உதறியது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. வலிப்பு வந்தது என்றார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. பிறகு வாரக்கணக்கில் தலைக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என் மாமியார் எனக்காக நோன்பு வைத்து துஆ கேட்டார். என் வீட்டுக்காரர் ஜாபர் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தார். கடைசியில், "கட்டி எதுவும் இல்லை" என்று டாக்டர் சொன்ன அன்று என் வீட்டுக்காரர் பஸ்ஸில் முன்பின் தெரியாதவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். ஆனால் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை.

அசதி என்ற சொல் அதற்குப் போதாது. கரும்பு வெட்டப் போய்வந்தவர்களுக்கும் அசதி உண்டு. அது தூங்கி எழுந்தால் போய்விடும். எனக்குத் தூங்கி எழுந்ததும்தான் ஆரம்பிக்கும். பல் தேய்த்ததும் உட்கார வேண்டும். தலை வாரக் கையைத் தூக்கினால் கை தானாக இறங்கிவிடும். பாதி பேச்சில் சொல் மறந்துபோகும். காலையில் குமட்டும். சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். கரண்ட் வைத்தால் கொஞ்ச நாள் களைப்பு இருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

உடம்பு படுத்துவிடும். மனசு படுக்காது. அதுதான் பெரிய வேதனை. படுத்தால் அடுப்பில் பால் இருக்கிறதே என்று இருக்கும். எழுந்து அடுப்படிக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று தெரியாது. திரும்ப வந்து படுப்பேன். கடையில் கூட்டமாக இருக்குமே, அவர் தனியாக இருப்பாரே என்று மறுபடியும் எழுவேன். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்ப வந்து படுப்பேன். பொழுது இப்படியே போகும். ஒரு வேலையும் முடிந்திருக்காது.

பார்க்க வருகிறவர்கள், "முகம் நல்லா தெளிஞ்சிடுச்சேம்மா" என்பார்கள். முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. நோய் என்று வெளியே காட்ட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மாமியார் கெட்டவர் இல்லை. எனக்காகப் பட்டினி இருந்தவர். அதனாலேயே அவர் சொன்னது அதிகம் வலித்தது.

"கட்டிதான் போயிடுச்சே. இன்னும் இன்னாத்துக்குப் படுத்துக்கினே இருக்க? எழுந்து நாலு வேல செஞ்சா எல்லாம் சரியாப் பூடும்."

எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? உயிரைத் திருப்பிக் கொடுத்தவனிடம் போய், அசதியாக இருக்கிறது என்று குறை சொல்வதா? அதனால் துஆ கேட்பதையே நிறுத்திக்கொண்டேன். செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடமும் வாயைத் திறக்கவில்லை. தொழ நின்றால் கால் நடுங்கும். எத்தனையாவது ரக்அத் என்று குழம்பிவிடும். உட்கார்ந்து தொழலாம் என்று தெரியும். ஆனால் நோயாளிக்குத்தானே அந்தச் சலுகை, எனக்குத்தான் நோய் போய்விட்டதே என்று பிடிவாதமாக நின்றேன்.

மலைமேல் இருக்கும் கரியாலூர்ச் சந்தைக்கு நாங்கள் வழக்கமாக வளையல், கிளிப், ரிப்பன் எல்லாம் கொண்டுபோவோம். நோய் வந்தபிறகு என் வீட்டுக்காரர் மட்டும்தான் போய்வந்தார். ஒரு நாள், "நீயும் வாயேன். வூட்லயே கெடந்தா இப்டித்தான் இருக்கும். மலக்காத்து பட்டா தெளியும்" என்றார். எனக்கும் ஆசையாக இருந்தது. பழைய ஷமீமை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி.

லோடு ஆட்டோவில் போனோம். வளைவுகளில் ஏறும்போது வாந்தி எடுத்தேன். மலைப்பாதை என்றால் யாருக்கும் வருவதுதானே என்று இருவரும் நினைத்தோம். மேலே போய் துணி விரித்து வளையல்களை அடுக்கினேன். தெரிந்த பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். சிரித்தேன். அவர் வேறொரு கடைக்குச் சரக்குக் கொடுக்கக் கிளம்பிப் போனார்.

வெயில் ஏறியதும் கை கால் சில்லென்று ஆனது. பெண்கள் கேட்பது தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்டது. கடைக்குப் பின்னால் இருந்த சாக்கில் சாய்ந்தேன். எழுந்திருக்க நினைத்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை.

ரொம்ப நாளுக்குப் பிறகு அங்கேதான் வாய்விட்டுக் கேட்டேன். யா அல்லாஹ், பலம் வேண்டும் என்று கேட்கவில்லை. நான் நடிக்கவில்லை என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும். அது போதும். அதற்குப் பிறகு நீ என்னை எடுத்துக்கொண்டாலும் சரி.

பக்கத்தில் இஞ்சி விற்கும் பொன்னி திரும்பிப் பார்த்தாள். பல வருடப் பழக்கம். "அக்கா, இன்னாக்கா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இஞ்சியை அப்படியே போட்டுவிட்டு, போய்க்கொண்டிருந்த ஜீப்பை மறித்து, இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கி ஏற்றினாள். பக்கத்திலேயே அரசு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே பிரஷர் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

சின்ன வயது டாக்டரம்மா. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார். அதற்குள் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்துவிட்டார். தலையில் ஆபரேஷன் நடந்ததையும் கரண்ட் வைத்ததையும் அவர்தான் சொன்னார். டாக்டரம்மா என் பக்கம் குனிந்து, எழுந்தால் கண் இருட்டுமா, காலையில் குமட்டுமா, சாப்பாடே பிடிக்காமல் போகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"எவ்ளோ நாளா இருக்குதுங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேல" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. இவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"கரண்ட் வெச்ச பிறகு சில பேருக்கு மூளைக்குக் கீழ இருக்குற ஒரு சின்ன சுரப்பி ஒழுங்கா வேல செய்யாதுங்க. உடம்புக்கு வேண்டிய சுரப்பு கம்மியாயிடும். இவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு தோணுது. டெஸ்ட் பண்ணாதான் உறுதியாத் தெரியும்" என்றவர், என் கையைத் தொட்டு, "இது சோம்பல் இல்லீங்கம்மா. இந்த நெலமையில நீங்க எழுந்து நடமாடினதே பெரிசு" என்றார்.

நான் கேட்டது அந்த ஒரு சொல்தான். கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அழுதேன். என் வீட்டுக்காரரும் அழுதார்.

ஊசி போட்டு, ஆம்புலன்சில் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள். இரத்தப் பரிசோதனையில் அந்த டாக்டரம்மா சொன்னதே உறுதியானது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். மாத்திரை கொடுத்து, எந்த நாளும் விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் விளக்கினார். சாயங்காலம் மஃரிப் தொழுகை நேரத்தில் மாமியார் கடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து என் முஸல்லா விரிப்பின் பக்கத்தில் போட்டார்.

"உக்காந்து தொழு. அல்லா உன் காலயா பாக்கறான்?" என்றார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குமட்டல் போனது. கண் இருட்டுவது நின்றது. தலை வார முடிகிறது. ஆனால் மதியம் ஆனால் அசதி வருகிறது. கட்டியாலும் சிகிச்சையாலும் வந்த அசதியில் அந்தப் பங்கு மட்டும் மாத்திரைக்கு அடங்காமல் இப்படியே இருக்கலாம் என்கிறார்கள். சில நாள் இன்னும் மனசு பறக்கிறது. கல்யாண வீட்டில் எல்லோரும் ஓடியாடும்போது நான் மூலையில் உட்கார்ந்திருந்தால் உள்ளே ஏதோ கிடந்து தவிக்கிறது. மாறியது ஒன்றுதான். இப்போது அதை அல்லாஹ்விடம் மறைப்பதில்லை. காலையில், இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குக் கொடு என்று கேட்கிறேன். கொடுத்த அளவுக்குச் சமைக்கிறேன், சாயங்காலம் கொஞ்ச நேரம் கடையில் இருக்கிறேன். அது தீர்ந்ததும், "இன்னிக்கு முடியலங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கிறேன். யாரும் முகம் சுளிப்பதில்லை.

உங்களில் யாராவது நோய் தீர்ந்த பிறகும் எழ முடியாமல் கிடக்கலாம். நன்றி கெட்டவள் என்ற பெயர் வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவனிடம் சொல்லுங்கள். ஒன்று கொடுத்தவன் இன்னொன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டான். பிறகு டாக்டரிடமும் சொல்லுங்கள், எதையும் விடாமல் சொல்லுங்கள். அவனுடைய பதில் யார் வாயிலிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது.

இந்தச் சில பக்கங்களை நான் ஒரே மூச்சில் எழுதவில்லை. நடுநடுவே படுத்து, எழுந்து, மறுநாளும் உட்கார்ந்து எழுதினேன். முடிக்கும்வரை என்னைத் தாங்கியவனுக்கே எல்லாப் புகழும்.