நாலு காலும் இருந்த படம்

இதை எழுத இரண்டு வருடமாகத் தயங்கினேன். எங்கள் நாய் ஜிம்மிக்கு மூன்று கால்தான். காட்டுப் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் சிக்கி முன்னங்கால் ஒன்று போய்விட்டது. கோயில் திருவிழா வெடிச் சத்தத்தில் அது மிரண்டு ஓடிப்போனது. தேடச் சொல்லி எல்லாருக்கும் அனுப்ப, போனில் அதன் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலும் கால் இல்லாத பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு கிழிந்த தேயிலைக் கொழுந்துச் சாக்கு கிடந்தது.

“ஊரே பாக்குற படம், அந்தச் சாக்க எடுத்துரும்மா” என்று மகளிடம் நான்தான் சொன்னேன். அவள் ஏஐ செயலியில் சாக்கை நீக்கினாள். சாக்கு இருந்த இடத்தில் அந்தச் செயலி தானாகவே ஒரு காலை வரைந்துவிட்டது. நாங்கள் முகத்தை மட்டும் பார்த்து அழுதோம், காலைக் கவனிக்கவில்லை. மூன்று கால் என்று எழுதவும் தோன்றவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதை அறியாதவர் இல்லை. மாரியம்மனை வேண்டிக்கொண்டு எல்லாருக்கும் அனுப்பினோம்.

தேடிப்போன இடத்தில், கந்தப்பளை ஊர்க் கடைக்காரர் ஒருவர் சொன்னார்: “இந்தப் படம் எனக்கும் வந்துச்சுங்க. ஒரு நொண்டி நாய் நாலு நாளா இங்கதான் கெடந்துச்சு. மூஞ்சி இதேதான். படத்துல காலு நல்லா இருக்கேன்னு பேசாம இருந்துட்டேன். நேத்து பஸ்ல அடிபட்டுச் செத்துருச்சுங்க.”

படத்தை அவரிடமே சேர்த்து அம்மன் வழி காட்டித்தான் இருந்தாள், சாக்கோடு சேர்த்து அந்த வழியையும் நான்தான் அழித்தேன். இப்போது எந்தப் படத்தையும் உள்ளபடியேதான் அனுப்புகிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. படிக்கிறவர்கள் இதில் ஒரு எழுத்தும் மாற்றாமல் மற்றவர்களுக்கும் கொடுங்கள்.