மைக்கில் சொன்ன பாக்கி

அன்று மொய் மேசையைச் சுற்றி இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிக்கக் கூடாது. நோட்டில் எழுத, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். பணத்தை எண்ணி மஞ்சள் பையில் போட, கல்யாண வீட்டுப் பங்காளி ஒருவர். மைக்கில் மொய் சொல்ல, கோயில் திருவிழாக்களில் அறிவிப்புச் செய்கிற கணீர்க் குரல்காரர். வரிசையில் எனக்கு முன்னால் மதுராந்தகத்து மளிகை மண்டிக்காரர். அடுத்து நான். எனக்குப் பின்னால், என் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் மனைவி. கொஞ்சம் தள்ளி மேடையில், மணமக்களுக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியில், மாப்பிள்ளையைப் பெற்றவர். என் மனைவிக்குப் பெரியம்மா மகன், எனக்கு மச்சான். எங்களுக்குப் பணம் தரவேண்டியவர். ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுவது என் மனைவிக்காக மட்டும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். அணுமின் நிலையத்து ஊழியர்களை ஏற்றிப்போகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி வேனை விற்றார். எனக்கு வேலை போனது. கருங்குழியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே ரெண்டு அடுப்பு வைத்து, விசேஷங்களுக்குச் சீர்ப் பலகாரம் போட்டுக் கொடுக்கலாம் என்றாள் என் மனைவி. அவள் அதிரசத்துக்குச் சொந்தத்தில் ஒரு பெயர் உண்டு.

எனக்குப் பயம். சிலிண்டர் வெடித்தால்? எண்ணெய் காறிப்போனால்? அதிகாரி வந்து லைசென்ஸ் கேட்டால்? யாராவது சாப்பிட்டு வயிறு கெட்டால்? ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இவ்ளோ பயந்துக்கற நீ எப்டித்தான் ஜிஎஸ்டி ரோட்டுல வேன் ஓட்டினியோ" என்றாள். "மாவு மில்லுல போய் நில்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தோம். ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியை மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவது என் வேலை. வெல்லப்பாகு வைப்பது அவள் வேலை. பாகு பதம் வருகிற நேரத்தில் வெளியாள் கண் படக் கூடாது என்று கொட்டகைக் கதவைச் சாத்திவிடுவாள். வெந்து எடுத்த அதிரசத்தை இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அமுக்கி எண்ணெய் பிழிவது மறுபடி என் வேலை. லேசாக அமுக்கினால் எண்ணெய் நிற்கும். ஓங்கி அமுக்கினால் உடையும். என் கவலைக்கெல்லாம் அந்த வேலை சரியாக இருந்தது.

மச்சானுக்கு மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறை. அவருடைய தங்கை பெண்ணுக்குச் செய்யூரில் மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் அவருடையது. முதலில் இருபத்தொரு தட்டு என்றார். பெண்ணின் சித்தப்பா வகையில் முப்பத்தொரு தட்டு வருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே பைக்கில் வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"அம்பத்தொண்ணா போட்டுடு மச்சான். தாய்மாமன் தலை குனியக் கூடாது பாரு."

"அட்வான்ஸ் எதனா…" என்று நான் இழுத்தேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. சொந்தத்தில் அட்வான்ஸ் கேட்டால், நீ ஏமாற்றுவாய் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. எங்கள் வகையறாவில் அது வழக்கமில்லை. அந்நியர் யார் வந்தாலும் பாதி வாங்கிக்கொண்டுதான் அரிசியையே ஊறப்போடுவோம். கூடப்பிறந்த மாதிரி இருக்கிறவரிடம் மட்டும் வாங்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்கிற முட்டாள்தனம் அது.

வெல்லம், எண்ணெய், நெய், முந்திரி எல்லாம் மண்டியில் கடன். நான்கு நாள் கொட்டகை அணையவில்லை. அதிரசம், முறுக்கு, லட்டு, சோமாஸ். தட்டு தட்டாக அடுக்கி, கண்ணாடிக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டினோம். மொத்தம் நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு. டெம்போவில் ஏற்றும்போது பத்தாயிரத்தை என் சட்டைப்பையில் திணித்து, "மீதி பங்ஷன் முடிஞ்சதும்" என்றார்.

மேளத்தோடு அந்த ஐம்பத்தொரு தட்டும் செய்யூர்த் தெருவில் போனதை நான் பார்த்தேன். முன்னால் மாலை போட்டு நடந்தவர் அவர். சித்தப்பா வகையறா தட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றது. அவருடைய தங்கை என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு தட்டு அதிரசத்த பீரோவுல ஒளிச்சி வெச்சிட்டேன்டி, இல்லன்னா பசங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்று சிரித்தாள். இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நான் பட்டறைக்கு நடக்க ஆரம்பித்தேன். நடக்க என்றால், கருங்குழியிலிருந்து டிவிஎஸ்ஸில். பெட்ரோல் என்னுடையது.

"இன்னா மச்சான், டப்பு எங்க ஓடிடப் போவுது? சொந்தத்துல வந்து பில்ல நீட்டுற?"

அடுத்த முறை, "பாரின்காரன் பேமெண்டு வரணும். வந்ததும் மொதல்ல உனக்குதான்."

அதற்கடுத்த முறை டீக்கடை வாசலில், நாலு சிற்பிகள் நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

"வாய்யா பலகாரக்காரா! உங்க வூட்டு அதிரசத்த இங்க கொண்டாந்து போடு, புள்ளையார் செதுக்கலாம். உளி ஒடஞ்சா நான் பொறுப்பு!"

நான்கு பேரும் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் என் வாய் என்னைக் கேட்காமல் சிரித்ததற்காக அதன்மேலேயே ஆத்திரப்பட்டேன்.

கடனைத் தராதவர், சரக்குக் கெட்டது என்று சொன்னால் கடன் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அந்தப் பிள்ளையார் நக்கல் எங்களுக்கு முன்னால் ஊர் சுற்றியது. கருங்குழியிலேயே ஒரு வளைகாப்பு ஆர்டர் நின்றது. கடற்கரைச் சாலை விடுதிக்காரர் ஒருவர் மாதாமாதம் எடுத்த முறுக்கை நிறுத்தினார். "கல்லு மாதிரி இருக்குதாமே?" என்று நேராகவே கேட்டார். மண்டிக்காரர் கையை விரித்தார். "பழசு முடிச்சிட்டு வெல்லம் எடுத்துக்கப்பா. எனக்கும் மேல கேக்கற ஆளு கீது."

தீபாவளிக்கு வெல்லம் இல்லையென்றால் கொட்டகையை மூட வேண்டியதுதான். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, மறுபடி யாரிடம் வேன் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கையில் மிஞ்சிய மாவில் மனைவி கொஞ்சம் அதிரசம் தட்டிப் போட்டாள். நான் அமுக்கினேன். ஒவ்வொன்றிலும் மச்சான் முகம். எல்லாம் உடைந்தது.

"அதிரசத்து மேல இன்னா கோவம்?" என்றாள் அவள்.

மறுநாள் மச்சான் பத்திரிகையோடு வந்தார். ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், எல்லாம் முறையாக. என் மனைவிக்குக் குங்குமம் கொடுத்தார் அவர் மனைவி. மச்சான் கொட்டகையை எட்டிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது.

"இன்னா, வேலை ஒண்ணும் இல்லியா? சரி, கல்யாணத்துக்குப் பலகாரம் சென்னையில சொல்லிட்டேன். நீங்க பேஜார் பட வேணாம். சும்மா வந்து சாப்டுட்டு மொய்ய வெச்சிட்டுப் போங்க."

மொய். எங்கள் மகளின் காதணி விழாவில் அவர் ஐயாயிரத்து ஒன்று எழுதியிருந்தார். முறைப்படி நாங்கள் அதற்கு மேல் வைத்துத் திருப்ப வேண்டும். அதை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் பைக்கை எடுத்தார்.

அவர் போனதும் மண்டிக்குப் போனேன், இன்னும் ஒரு மாதம் தவணை கேட்க. அங்கே கல்யாண மளிகை மூட்டைகள் அவர் பேரில் அடுக்கியிருந்தன. "ரொக்கமா குடுத்துட்டாருப்பா, ஒரு பைசா பாக்கி வெக்கல" என்றார் மண்டிக்காரர், என்னைக் குத்திக் காட்டுகிற மாதிரி.

எனக்குள் இருந்த பயம் அன்று இடம் மாறி உட்கார்ந்தது. போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மொய்க் கவர் ஒன்றை எடுத்தேன். என் கையெழுத்து பெரிய கட்டை எழுத்து. மூன்று கவர் வீணானது. நாலாவதில் சரியாக வந்தது. மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கவரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க சொந்தம் பாதி போயிடும்" என்றாள்.

"வேணாம்னா கிழிச்சிடறேன்."

"கிழிக்காத. புள்ளையாரு செதுக்கறவன் பேர நானும் ஒரு தடவ செதுக்கிப் பாக்கறேன்."

முகூர்த்தத்துக்குப் போனோம். டிவிஎஸ்ஸை வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினேன். அடிக்க வந்தால் கிளம்ப வேண்டுமே. பந்தியில் பிரியாணி வாசனை தூக்கியது. மனைவி என் கையை இழுத்தாள். "கை நனைக்காத. உப்பத் தின்னுட்டு அவமானப்படுத்திட்டாங்கன்னு சொல்லிடுவான்." பசியோடு வரிசையில் நின்றோம்.

மைக் பிடித்தவர் ஒரு மணி நேரமாக ஒரே ராகத்தில் படித்துக்கொண்டிருந்தார். கவரை வாங்குவார், மேலே இருப்பதைப் படிப்பார், பங்காளி கையில் கொடுப்பார். என்ன படிக்கிறோம் என்று அவருக்கே தெரியாத நிலை. மண்டிக்காரர் ஆயிரத்து ஒன்று. அடுத்து என் கவர். என் உள்ளங்கை வியர்த்ததில் மை கலங்கிவிட்டதோ என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நீட்டினேன்.

"கருங்குழி பலகாரக்காரர்… மொய் ரூபாய் ஆறாயிரத்து ஒன்று… இது செய்யூர் தாய்மாமன் சீர்ப் பலகாரப் பாக்கி முப்பத்தாறாயிரத்து ஐந்நூறில் கழித்துக்கொள்ளப்பட்டது… மீதி கல்யாண வீட்டார் தரவேண்டியது ரூபாய் முப்பதாயிரத்து நானூற்றுத் தொண்…"

அங்கேதான் நிறுத்தினார். ஆனால் ராகம் நிற்கவில்லை. வாய் தானாக "…ணூற்றொன்பது" என்று முடித்துவிட்டது.

மண்டபத்தில் தலைகள் திரும்பின. பிறகு பந்திப் பக்கம் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். செய்யூர் சித்தப்பா வகையறாதான். அந்த முப்பத்தொரு தட்டுக்காரர்கள். "அம்பத்தொரு தட்டும் கடன்லதானா!" என்று ஒரு குரல். தபால்காரர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "இத வரவுல எழுதறதா, பற்றுல எழுதறதா?" என்று நிஜமாகவே கேட்டார். பங்காளி கவரைப் பிரித்துத் தலைகீழாக உதறினார். ஒன்றும் விழவில்லை.

மேடையிலிருந்த மச்சானைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என் வாய் அன்று டீக்கடையில் சிரித்த அதே சிரிப்பு. அதைக் கண்குளிரப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பேன். மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு தள்ளுவண்டியில் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். அத்தனை ருசியான இட்லியை நான் அதற்கு முன்பு சாப்பிட்டதில்லை.

சொந்தம் பாதி போய்விட்டது. அவள் சொன்னதுதான். மச்சானைப் பெற்ற பெரியம்மா எங்கள் தெருவழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் வளைகாப்புக்காரர்கள் திரும்பி வந்தார்கள். "சரக்கு நல்லாத்தான் இருந்துச்சாம், டப்புதான் தரலியாமே" என்று அவர்களே சொன்னார்கள். செய்யூர் சித்தப்பா வகையில் அடுத்த விசேஷத்துக்கு எங்களிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். பாதிப் பணம் முன்பணமாக, கேட்காமலே.

கல்யாணம் முடிந்த சில நாளில் மச்சானுடைய மனைவி மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினார். கொட்டகை வாசலில் நின்றபடியே புடவைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து இருபதாயிரத்தை என் மனைவி கையில் வைத்தார்.

"அவருக்குத் தெரியாது. என் சீட்டுப் பணம். இதோட வுட்டுடுங்கப்பா."

"உக்காருங்க அக்கா, தண்ணி குடிங்க" என்றேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பணம் அப்படியே மண்டிக்குப் போனது, வெல்லம் வந்தது, அடுப்பு எரிகிறது. அந்த வகையில் எங்கள் பிழைப்பு தப்பியது.

"மீதிய வுட்டுடலாமா?" என்று அன்று மனைவி கேட்டாள். முடியாது என்றேன். ஒவ்வொன்றுக்கும் பயப்படுகிற நான், அவள் முகத்தைப் பார்த்து முடியாது என்றது அதுதான் முதல் தடவை. அது மச்சான் கையால் வரவேண்டும், டீக்கடை வாசலில், அந்த நாலு சிற்பிகளும் பார்க்க. அவர் வீட்டில் அடுத்து பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து வரும். அங்கேயும் மைக் இருக்கும். என்னிடம் கவரும் இருக்கிறது. வரவேண்டியது ரூபாய் பத்தாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.